காரணம்

கந்தப்பளைச் சந்தியில் தை மாதத்து ஐந்தரை மணி.
புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது.
ஸ்பெனரைப் பிடித்தால் விரல் நுனி மரத்துப்போகிறது;
அடுப்புச் சாம்பலில் புதைத்துவைத்து
ஒவ்வொன்றாய் எடுத்துப் பாவிக்கிறேன்.

கொழுந்து லொறி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது,
பாடைக்கு ஒரு தோள் கொடுத்து வந்தவனைப் போல.
"நேத்து ராத்திரிதான் சத்தம் வந்துச்சு" என்கிறான் கிங்ஸ்லி,
மப்ளருக்குள்ளிருந்து.

ஜக்கு ஏற்றி, கட்டை கொடுத்து,
சாக்கை விரித்துக் கீழே போகிறேன்.
சேறு காய்ந்து ஓடாகியிருக்கிறது.
சுரண்டினால் அதற்குள்ளும் நாலைந்து தேயிலைக் காம்பு.
ஷொக் எப்சோபர் எண்ணெய் வடித்திருக்கிறது.
ஷக்கிள் புஷ் முட்டை வடிவாய்த் தேய்ந்திருக்கிறது.
இதெல்லாம் வயசு.
வயசுக்கு ஒரு லொறி இப்படிச் சாயாது.

யூ-பொல்ட் நட்டு அசைய மறுத்தது.
பைப்பை மாட்டித் தொங்கிப் பார்த்தேன். பிறகு டோச்.
நட்டு மெல்லச் சிவந்தது, உள்ளங்கைக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.
அந்த ஒரு நிமிடம் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பட்டை ஏழு. சிங்களத்தில் துனு கொல என்பார்கள்,
வில்லின் இலை.
மூன்றாம் இலை கையில் இரண்டாய் வந்தது.

முறிந்த வாயை லைட்டில் பிடித்தேன்.
பாதிக்கு மேல் கறுத்த துரு, வரிவரியாய்,
வற்றும் குளம் கரையில் விட்டுப்போகும் கோடுகள் மாதிரி.
ஓரத்தில் ஒரு விரற்கடை மட்டும் பளபளப்பு:
அதுதான் நேற்று ராத்திரி.
மற்றதெல்லாம் தீபாவளிக்கு முன்பே தொடங்கியது.
கிங்ஸ்லி எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

லொறிக் கதவில் எழுதியிருக்கிறது, இரண்டாயிரம் கிலோ.
தோட்டத்துப் புத்தகத்தில் ஒருநாள்கூட
ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியதில்லை.

தராசில் கழிப்பார்கள்.
சாக்குக்கு இரண்டு. ஈரத்துக்கு இரண்டு.
பனி கருக்கிய கொழுந்தென்று இன்னும் ஒன்று.
என் மனைவி சுலோஜினி இருபத்திமூன்று இறக்கினால்
துண்டில் பதினெட்டு ஏறும்.
அந்த மலையில் நூறு பேர்.
கழித்த கிலோ காற்றிலா போகும்?
ஸ்டோருக்குத்தான் போகும்,
இந்த லொறியில், இந்த ஏழு இலைமேல்.
வில்லுக்குக் கழிக்கத் தெரியாது.

பில் புத்தகத்தில் கடைசிக் கட்டம், காரணம்.
'அதிக பாரம்' என்று எழுதி
போனில் வாசித்துக் காட்டினேன்.
பெரிய கிளாக்கர் கொஞ்ச நேரம் இருமினார்.
"குளிர்னு போடுங்க தம்பி. குளிருல இரும்பு ஒடையும்தானே.
கொழும்புல கேள்வி கேக்க மாட்டாங்க,
காசும் இந்த வாரமே வரும்."

முழுப் பொய்யுமில்லை. வெளியே புல் இன்னும் வெள்ளை.
கராஜ் வாடகை இரண்டு மாதம் நிற்கிறது.
தாளைக் கிழித்தேன். குளிர் என்று எழுதினேன்.
எழுத்து நடுங்கியிருந்தது,
அதற்கும் அதையே காரணமாய்ச் சொல்லலாம்.

புதுப் பட்டை, புது சென்டர் பொல்ட், கிரீஸ்.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன்.
வெறும் லொறிக்கு ஏழு விரல்.
கிங்ஸ்லி ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.

நாலரைக்கு மூட்டைகளோடு வந்தவன்
பிளேன்டீக்கு எதிர்க்கடையில் நிறுத்தினான்.
ரோட்டைக் கடந்துபோய், குனிந்து, கையை நுழைத்தேன்.
"என்னண்ணே?"
"சும்மா."

கராஜ் தகரத்தின் உட்பக்கம்,
கிரீஸ் டின் மறைக்கிற இடத்தில்,
சோக்கால் தேதி போட்டேன்.
புத்தகத்தில் இன்றைக்கு எவ்வளவு ஏறியதோ, தெரியாது.
இங்கே, இரண்டு விரல்.