திறக்கும் வரை

வயர்லெஸ்ஸில் என் மகன் பேசினால்
பக்கத்து விசைப்படகில்
"சொல்லுங்க அக்கா" என்கிறார்கள்.
கிளாடுவினுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது.

ராமநாதபுரத்து டாக்டர்
அவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:
"நீங்க மொதல்ல எப்ப சவரம் செஞ்சீங்க?"
பதினெட்டில், என்றேன்.
அதற்கு முன்
வெறும் கன்னத்தில் பிளேடு இழுத்த
இரண்டு வருடத்தைச் சொல்லவில்லை.

மூளைக்குள் ஏதோ மரபணு
பிடித்த பிரேக்கை இன்னும் விடவில்லையாம்.
இன்னொன்று கிளம்பு என்று சொல்ல வேண்டுமாம்.
ஏதோவொரு ராத்திரி, தூக்கத்தில்
தொடங்கிவிடுமாம்.
என் வழி வந்த தாமதம்.

பாம்பன் பாலம் தூக்குவதற்காக
வடக்கே நங்கூரமிட்டு நிற்கிறோம்.
மைக்கை அவனிடமே நீட்டுகிறேன்.
"அக்கா, நீங்க எத்தனாவது?"
"ஏழாவது" என்கிறான்
அதே மெல்லிய குரலில்.

நான் தாடையைத் தடவிக்கொள்கிறேன்.