ஏழு வினாடி

முதலில் ஒரு முனகல்.
எண்ணினேன், ஏழு வினாடி.
அப்புறம் 'டிக்'.
அப்புறம் சுவரில் பல்லி ஓடுவது கேட்கிற அமைதி.
மூன்று நிமிஷம் கழித்து
மறுபடி முனகல்.

அக்னி நட்சத்திரம் பத்தாம் நாள்,
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
விடிந்தால் கொடுக்க வேண்டிய
பதினான்கு லிட்டர் மாவு
உள்ளே இருட்டில்
மூடியைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கதவைக்கூடத் திறக்கவில்லை.
தள்ளி நின்று ஒரு டிக் கேட்டார்.
"கம்ப்ரஸர் போச்சுக்கா, ஆறாயிரத்து ஐநூறு.
இதுல போடுற காசுக்குப் புதுசே எடுத்துரலாம்."
பார்த்ததற்கு முந்நூறு.

புதுசே எடுத்துரலாம்.
இதே வார்த்தையை
வேறொரு வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னார்கள்.
நான் அடுக்களையில் நின்றேன்,
இதே ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து.
அவர்களும் ஒரு சோதனையும்
பார்க்கவில்லை.

சீராய்ப் போனது, குட்டியானையில் திரும்பி வந்தது,
நான் டிரைவர் பக்கத்தில், இது பின்னால் கயிற்றோடு.
கட்டிலையும் கிரைண்டரையும் வைத்துக்கொண்டார்கள்.
கிரைண்டர் பரவாயில்லை, தவணையில் வாங்கிவிட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு பிளக்கைப் பிடுங்கினேன்.
முன்னால் இழுத்துத் திருப்பினால்
முதுகெல்லாம் ஒட்டடை,
கறுப்புக் கம்பிவலையில் மாட்டிய ஒரு பொட்டு,
என்னுடையதுதான், எந்த வருஷத்தது தெரியவில்லை.
கீழே கம்ப்ரஸர்
சோறு வடித்த பானைபோலச் சுட்டது.
ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

கிளிப்பை நெம்பி மூடியைக் கழற்றினேன்.
விலாவில் மூன்று ஊசி.
முடிச்சு ஒன்றுமில்லை, செருகியதுதான்,
நேராக இழுத்தால் வருகிறது.
எதிர்வீட்டு எஸ்தர் மகனுடைய பாலிடெக்னிக் மீட்டரை
இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தேன்:
பன்னிரண்டு. இருபத்திரண்டு. முப்பத்து நான்கு.
சின்னது இரண்டும் கூடினால் பெரியது வரவேண்டும்,
வந்தது.
ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் ஒட்டுறவு இருக்கக்கூடாது,
இல்லை.
உள்ளே எதுவும் அறுந்துபோகவில்லை என்று
நடுராத்திரியில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து
யாருக்கென்று தெரியாமல்
சத்தமாகச் சொன்னேன்.

கையில் மிஞ்சியது ரிலே.
தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா.
காதருகே ஆட்டினேன்.
கிலுகிலு.
உள்ளே இருக்கிற வில்லை நொறுங்கியிருந்தது.
இந்த வீட்டுக்கு வந்த
முதல் கிலுகிலுப்பை.

மாவு புளித்துத்தான் போனது.
"ஊத்தப்பத்துக்கு ஆகும், பாதி விலை" என்று
அஞ்சு மணிக்கே படியேறி இறங்கினேன்.
மூணாம் பிளாக் டீச்சர் மட்டும் வைதார்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில்
நஜிமுதீன் பாய் கடை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கியது.
பழசை நீட்டினேன். அவரும் ஆட்டிப் பார்த்தார்.
"யாரு கழட்டுனா?"
"நான்தான்."
ஓவர்லோடையும் சேர்த்து மாற்றச் சொன்னார்,
இரண்டுக்குமாக இருநூற்று எழுபது.
"இது ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஒதுங்கிக்கும்மா,
ஓடுறது அதோட வேலை."
சில்லறை இல்லையென்று முப்பது ரூபாய்க்கு
ஒரு டெஸ்டர் கொடுத்தார்.

செருகினேன். பிளக்கைப் போட்டேன்.
முனகல்.
ஐந்து. ஆறு. ஏழு.
எட்டு.
நாற்பது வரைக்கும் எண்ணினேன்,
நிறுத்தப் பயமாக இருந்தது.
கைவைத்தால் பக்கவாட்டில் சின்ன நடுக்கம்.
அந்த முனகல் பைய இறங்கி
ஒரு ரீங்காரமாக
வீட்டுச் சத்தங்களோடு கலந்தது,
அதற்கப்புறம் தேடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

மதியம் மெக்கானிக் போன் பண்ணினார்.
"என்னக்கா, புதுசு பாத்துருவமா?"
பழைய ரிலேயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்
நன்றாக ஆட்டினேன்.
"என்னக்கா சத்தம், வீட்ல பிள்ளையா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"மாவு வேணும்னா
நாளைக்கு வாங்க" என்றேன்.