அரை மாத்திரை

பணகுடிக்குத் தெற்கே காத்தாடிக் கம்பெனி ஸ்டோரில்
பேரேடு என் கையில்.
போல்ட்டு முந்நூறு, நட்டு முந்நூறு,
வாஷர் மட்டும் எப்போதும் பதினொன்று குறையும்.

ஆனிக் காற்றோடு வந்தார் ஹிரமட்சு, பேரிங் பார்க்க.
முதல் நாள் கவுண்டரில் நின்று
"பொருதோ" என்றார்.
பொறுத்தேன்.
மறுபடி, "பொருதோ."
இன்னும் எவ்வளவு பொறுப்பது என்று நிமிர்ந்தால்
ஒற்றை விரலால் காற்றில் மறை திருகிக் காட்டுகிறார்.
போல்ட்டு!

அன்றிலிருந்து பேரேட்டின் கடைசித் தாளில்
பென்சிலால் தனிக் கணக்கு.
ஸ்பேனர், சுபானா.
ஸ்க்ரூ டிரைவர், வெறும் தொராய்பா.
வால்வைப் பருபு என்றார் ஒருநாள்;
நான் கேண்டீன் பக்கம் கை காட்டினேன்.

சிரித்தேன்தான்.
சிரித்த வாயை அப்புறம் கொஞ்சம் கவனித்தேன்.
பஸ்ஸு என்கிறது, கப்பு என்கிறது, பெல்ட்டு என்கிறது.
மெய்யெழுத்தைத் தெருவில் தனியே விட மனமில்லாமல்
ஓர் உகரத்தைத் துணைக்கு அனுப்புகிறது.
நம்முடையது குறுகிய உகரம், அரை மாத்திரை,
உதடு குவியுமுன் ஓடிவிடும்.
அவருடையது முழு மாத்திரை,
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டுதான் போகும்.

லைட்டும் அவருக்கு ராய்தோ, ரைட்டும் ராய்தோ.
"மளை வந்தாலும் வரும், சாருக்கு ல வராதுளா?"
என்றாள் கேண்டீன் சண்முகவடிவு, வாழைக்காய் சீவியபடி.
ழகரத்தை எங்கே தொலைத்தோம் என்று
அவளிடம் நான் கேட்கவில்லை. என்னிடமும்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள்
இறக்கை ஏற்றிய டிரெய்லர் கேட்டுக்குள் பின்னால் வருகிறது.
ஓட்டுவது வண்டிமலையான் அண்ணாச்சி.
ஒரு பக்கம் கிளீனர் பேதுரு,
அந்தப் பெயரும் கடல் தாண்டி வந்து
உகரம் வாங்கிக்கொண்டதுதான்,
"வரலாம் வரலாம்" என்று கத்துகிறான்.
மறுபக்கம் ஹிரமட்சு கையசைத்து,
"ஓராய், ஓராய்."
ஆல் ரைட் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது.
அண்ணாச்சிக்கு அது சிரமமே இல்லை,
கை வாவென்றால் வாதானே.

பிறகுதான் அது:
"சுதோப்பு! சுதோப்பு!"
காற்று முதல் எழுத்தைத் தின்றுவிட்டது.
தோப்பு என்று விழுந்தது அண்ணாச்சி காதில்.
இடப்பக்கம் தென்னந்தோப்பு.
அங்கே என்ன, மாடா ஆளா என்று
எட்டிப் பார்த்த இரண்டு விநாடியில்
ஸ்டோரின் மேற்கு மூலைத் தகரம் சப்பளிந்தது.
என் வாஷர் பெட்டிகள் மண்ணில்.

"எந்தத் தோப்புவே?" என்று இறங்கினார் அண்ணாச்சி.
ஹிரமட்சு இடுப்புவரை குனிந்து நின்றார்,
நிமிரவே இல்லை.
யாரும் யாரையும் ஏசவில்லை.
ஏசுவதென்றாலும் எந்த மொழியில்?

சாயந்திரம்வரை வாஷர் பொறுக்கினோம், நானும் அவரும்.
எண்ணியபோது கணக்குக்கு மேல் நான்கு.
எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது.

பெயர் கேட்டார்.
செல்லக்கனி என்றேன்.
"செர்ரக்கனி."
ஒவ்வோர் எழுத்தையும் தரையில் வைத்து எடுப்பதுபோல்.
பிறகு கனியை மட்டும் தனியே சொல்லிச் சிரித்து
இரண்டு விரலைக் கத்தரிபோல் திறந்து மூடி
பக்கவாட்டில் நாலடி நடந்தார்.
அவர் ஊரில் கனி என்றால் நண்டாம்.

அதையும் கடைசித் தாளில் எழுதினேன்.
அவர் பெயரை எழுதும்போது கை நின்றது:
முடிவில் ட்சுவா, த்சுவா, ட்ஸுவா?
மூன்றையும் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே பேதுருவின் குரல்:
"ஏ, இரமசு அண்ணாச்சி, டீ ஆறுது!"

திரும்பிப் பார்த்தார்.