ஒன்றாம் எண் கூண்டு

காலை ஐந்தரை.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
வெள்ளைக் கூண்டின் கதவைத் திறக்கிறேன்.
உலர்குமிழ் இருபத்துநான்கு.
ஈரக்குமிழ் அதற்கு அரை டிகிரி கீழே.
அந்த அரை டிகிரிதான்
கடலூரின் காற்றில் இன்று
நனையாமல் மிச்சமிருக்கும் இடம்.

மேகம், எட்டில் ஆறு பங்கு.
மீதி இரண்டில் ஒரு நட்சத்திரம்.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

தென்கிழக்கே எழுநூறு கிலோமீட்டரில்
நேற்றுவரை சும்மா கிடந்த ஒரு சுழி
ராத்திரியோடு ராத்திரியாகத்
தாழ்வு மண்டலம் ஆகிவிட்டதாம்.
பெயர் பெற இன்னும் இரண்டு படி ஏறவேண்டும்.
அதுவரை ஊர் காத்திருக்குமா?
டீக்கடையில் வைத்துவிட்டார்கள்: "அது."
"அது எப்பங்க கரையேறுது?"

ஆறு மணிக்குத் தொலைபேசி தொடங்கும்.
நெல்லிக்குப்பத்துச் செங்கல் சூளைக்காரர்:
"பச்சைக்கல்லு ஐம்பதாயிரம் கெடக்கு மேடம்,
ஞாயித்துக்கெழமை தாண்டுமா?"
அப்புறம் ஒரு சின்னக் குரல்,
கதவுக்குப் பின்னால் ஒளிந்து பேசுவதுபோல்:
"நாளைக்கு லீவா மிஸ்?"
"அத கலெக்டர் சொல்லணும்பா."
"நீங்க சொன்னாத்தான அவர் சொல்வாரு?"
பன்னிரண்டு வருட உத்தியோகத்தில்
என் அதிகாரத்தை இத்தனை துல்லியமாக
எவரும் அளந்ததில்லை.

துறைமுகத்தில் பவுல்துரை
ஒன்றாம் எண்ணை ஏற்றிவிட்டார்.
என் கூண்டில் வெப்பமானிகள் இருக்கின்றன.
அவர் கூண்டில் ஒன்றுமே இல்லை,
பிரம்பும் தாரும், உள்ளே வெறும் காற்றும்.
அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துத்தான்
சோனாங்குப்பம் படகுகளை மேட்டுக்கு இழுக்கிறது.
சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி மட்டும்
கருவாட்டைப் புரட்டிப் போடுகிறாள்.
"ஒண்ணுக்கே ஓடினா மூணுக்கு எங்க ஓடுறது?"

பத்து மணி.
எந்த நாளும் இந்நேரத்துக்கு
அழுத்தம் கொஞ்சம் நிமிரும்.
இன்று ஆயிரத்து ஆறிலேயே உட்கார்ந்திருக்கிறது,
ஆஸ்பத்திரி வராண்டாவில்
பெயர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல.

இனி எல்லாம் வடக்கின் கையில்.
நாம் பார்த்திராத கோதுமை வயல்களுக்கு மேலிருந்து
ஒரு வறண்ட குளிர்காற்று
ஆந்திரக் கரையோரமாக இறங்கி வருகிறது.
அது முந்திக்கொண்டால்
சுழியின் ஈரத்தை உறிஞ்சிக்
கரை தொடுமுன்பே சக்கையாக்கிவிடும்.
பிந்தினால்,
தானே புயலுக்கு மறுநாள் பண்ருட்டி ரோட்டில்
பலாமரங்கள் வேரைக் காட்டிக் கிடந்தன.
பஸ் ஜன்னலில் நான் கல்லூரிப் பெண்.
கண்டக்டர் அன்று டிக்கெட் கேட்கவில்லை.

முந்தட்டும் என்று வேண்டவும் முடியாது.
அது செத்தால் மழையும் சாகும்,
பெருமாள் ஏரி பாதியில் நிற்கிறது,
நடவு முடித்தவர்கள் வானத்தையே பார்க்கிறார்கள்.
மழை வேண்டும், காற்று வேண்டாம்:
கார்த்திகையில் இந்த ஊர் கேட்பது அவ்வளவுதான்.
பிரித்துக் கட்டித் தரும் கடை
வங்காள விரிகுடாவில் கிடையாது.

"கனமழைக்கு வாய்ப்பு" என்று எழுதுகிறேன்.
வாய்ப்பு.
சீட்டு நாட்டுக்காரரும் இதே சொல்லைத்தான் சொல்வார்.

மாலை ஐந்தரை.
மொட்டைமாடியில் திசைகாட்டி
கொண்டலுக்கும் வாடைக்கும் நடுவே
தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.
மூன்று நிமிடம் பார்த்து
ஒரு திசையை எழுதவேண்டும், விதி அப்படி.
கெடிலத்துப் பக்கம் ஒரு கொக்குக் கூட்டம்
வழக்கத்துக்கு முன்பே திரும்புகிறது, அல்லது
நான்தான் இன்றைக்கு அண்ணாந்து பார்க்கிறேன்.

உதட்டை நாக்கால் தொட்டேன்.
லேசாக வெடித்திருக்கிறது.
வடக்கு வந்துவிட்டதா,
காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லையா,
தெரியவில்லை.
பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி
இன்னும் ஒரு நிமிடம் நிற்கிறேன்.