எழுபது எழுத்து

நாலு ரோடு பக்கம், மாடியில் ஓர் அறை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தக்கொதிப்புக்கு
வாரம் மூன்று குறுஞ்செய்தி எழுதுவது
என் வேலை.

தமிழென்றால் எழுபது எழுத்துதான் போகும்.
ஒன்று கூடினாலும் இரண்டு செய்தியாகக் கணக்கு,
இரண்டு மடங்கு காசு.
அதிலும் மெஷினின் எழுத்து வேறு.
உப்பு
கண்ணுக்கு மூன்று, அதற்கு ஐந்து:
புள்ளிக்குத் தனி, சுழிக்குத் தனி.
ஒற்று மிகும் இடமெல்லாம்
செலவு மிகும் இடம் என்று
இங்கே வந்துதான் தெரிந்தது.

டாக்டர் எழுதிக் கொடுப்பார்:
'உணவில் சோடியத்தின் அளவைக் கட்டுக்குள் வைத்திருத்தல் இன்றியமையாதது.'
இன்றியமையாததை
எந்த வீட்டில் தாளிக்கிறார்கள்?
வெட்டினேன், வெட்டினேன்.
'சோத்துல தனியா உப்பு போட வேண்டாம்'
முப்பத்திரண்டு.

மத்தியானம் என் டப்பாவின் மூலையில் ஊறுகாய்.
ஏழு.
யாரும் பார்க்கவில்லை.

பதில்கள் வரும்.
அம்மாபேட்டையில் தட்டுவடை செட் போடும் செங்கோடன்:
'கம்மி பண்ணிட்டேன் மேடம். கூட்டமும் கம்மியாயிருச்சு.'
நாக்பூர் தாண்டிய லாரியிலிருந்து மாதேஸ்வரன்:
'தாபாக்காரனுக்கு இந்தியில அனுப்புங்க.'
கிச்சிப்பாளையம் ஜீனத்:
'இது எங்க வீட்டுக்காரர் போன். படிச்சு அழிச்சுடறார்.
ஒம்பதுக்கு மேல அனுப்புங்க, தூங்கிடுவார்.'
ஒன்பதேகாலுக்கு மாற்றினேன்.

நாகலூர் குப்பாயி எதுவும் எழுதுவதில்லை.
காபித் தோட்டத்தில் வேலை. எழுத்து தெரியாது.
டீக்கடை நவநீதன் சத்தமாய் வாசிப்பானாம்,
அவள் பிரஷர்
பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.
செய்தி சேர்ந்தால் ஆபீஸ் போனுக்கு மிஸ்டு கால்.
ஒரு மணி, உடனே வெட்டு.
எழுத்துச் செலவே இல்லாத பதில்.

ஒரே ஒரு முறை நவநீதன் அடித்து அனுப்பினான்:
'அக்கா கருவாட்ட மூணு தண்ணி மாத்தி ஊற வெச்சுதான் ஆக்குது. சரிதானான்னு கேக்குது.'
டாக்டர் பட்டியலில் கருவாடு அறவே கூடாது.
நான் நினைத்தது
ஞாயிற்றுக்கிழமையை, குளிரை,
ஆறு நாள் சரிவில் நின்ற காலை.
பட்டியலை மூடிவிட்டு எழுதினேன்:
'நாலு தண்ணி.'

ஐப்பசியில் மலையில் டவர் செத்தது.
அவள் பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டது' மட்டும்.
'சேர்ந்தது' வரவில்லை.
ஒரு வாரம். இரண்டு வாரம்.
மாத்திரை தீர்ந்திருக்கும் தேதி எனக்குத் தெரியும்.
ஜன்னலில் நின்றால் சேர்வராயன் தெரிகிற நாள் உண்டு.
அன்று மேகம்தான்.
கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் குவியல்கள் மட்டும்
யாரோ கொட்டிவிட்டு
மறந்து போன உப்பு மாதிரி.

ஏழாவது செய்தியை விரல்விட்டு எண்ணி எழுதினேன்:
'வணக்கம் குப்பாயி அக்கா. சோத்துல தனியா உப்பு போட வேண்டாம். மழையா அங்க?'
அறுபத்தொன்பது.
மழை எதுக்கும்மா இதுல என்றார் மேலாளர்.
இடம் இருந்துச்சு சார் என்றேன்.

வியாழன் சாயங்காலம்
ஏழும் ஒரேயடியாய்ச் சேர்ந்தன.
பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
ஒரு மணி, வெட்டு.
ஒரு மணி, வெட்டு.
ஐந்து மணி டவுன் பஸ் போனால் போகட்டும் என்று
நின்று எண்ணினேன்.
ஆறு.
ஏழாவது மட்டும் வெட்டாமல் அடித்தது.
எடுத்தேன்.
அலோ என்றேன், அக்கா என்றேன்.
யாரும் பேசவில்லை.
போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் போல.
தகரக் கூரையில்
நல்ல மழை.