ஷேடு கார்டு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஜீலானி பாய் விற்ற ஆறு குஞ்சுகளின் அட்டைப்பெட்டியில்
ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது:
அமெரிக்கானா. ஒரிஜினல்.
'அமெரிக்காவா பாய்?'
'ஆந்திரா பார்ட்டி' என்றார்.
'ஆனா முட்டை நீலம். வரலேன்னா காசு வாபஸ்.'

நீலம் எனக்குப் பிழைப்பு.
வில்லிவாக்கத்தில் பெயின்ட் கடை, மிக்ஸிங் மெஷின்.
வெள்ளையில் எத்தனை சொட்டு விழுந்தால் கடல்,
எத்தனை விழுந்தால் ஆஸ்பத்திரிச் சுவர் என்று
கைக்குத் தெரியும்.
ஆயிரத்து எண்ணூறு ஷேடுக்கும் பெயர் உண்டு, எண் உண்டு.
ஸ்டிக்கர் மாறினால்
ஒரு குடும்பத்தின் ஹாலே மாறிப்போகும்.
அதற்குத்தான் பில்லின் அடியில் ஒரு வரி:
ஷேடு சற்று மாறலாம்.
யாரும் படிப்பதில்லை.

கொளத்தூர், மூன்றாவது மேலே மொட்டை மாடி.
சின்டெக்ஸ் நிழலில்
ஆவின் பால் ட்ரே அடுக்கி வலை கட்டினேன்.
ஆறில் ஒன்றைக் காக்கை தூக்கியது.
ஒன்று கத்திரி வெயிலில்
அலகு திறந்தபடியே போனது.
இரண்டு சேவலாகிவிட்டது; ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு பெட்டை, நிறையச் சந்தேகம்.
தாடி இருந்தால் அமெரக்கானா,
வால் இல்லாவிட்டால் அரக்கானா
என்றார் அம்பத்தூர் எபிநேசர், கோழியைத் தலைகீழாகப் பிடித்து.
இவளுக்குத் தாடி உண்டு, கால் மஞ்சள்.
அவளுக்கு வால் உண்டு, தாடி பாதி.
'ரெண்டுமில்ல பிரதர். ஈஸ்டர் எக்கர்.
அப்டின்னா இனமே இல்ல. கலப்பு.'
ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று
சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார்.

இனம்.
அந்தக் கட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று
ஹெலனும் நானும்
பேனாவை மாற்றி மாற்றிப் பிடித்து
கடைசியில் ஒரு கோடு போட்டு நீட்டினோம்.
'ஏதாவது ஒண்ணு எழுதுங்க சார்,
காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது.'
எழுதினோம்.
எதை என்று இங்கே சொல்லப்போவதில்லை.

ஐப்பசி. மழை விடாத விடியல்.
டார்ச் வெளிச்சத்தில், ஈர வைக்கோலில்
நீலம்!
பகலில் பார்த்தால் பச்சை.
டிபன் டப்பாவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்
ஷேடு கார்டோடு ஒட்டிப் பார்த்தேன்.
பாசிப்பயறுக்கும் பழைய பஸ் சீட்டுக்கும் நடுவில் எங்கேயோ.
எண் இல்லை.

'மிக்ஸிங் ஆள் ஆச்சே நீங்க'
என்று கண்ணடித்தார் எதிர்வீட்டு குணபூஷணம்.
சபீனா போட்டுத் தேய்த்துக் காட்டினேன்.
போகவில்லை.
'அப்ப வாத்து' என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொருத்தி போட்டது பழுப்பு, டீக்கடை டிகாஷன்.
உடைத்தால் உள்ளே வெள்ளை:
வெளியே வரும் கடைசி நேரத்தில் அடித்த ஒரு கோட்.
பச்சையை உடைத்தால் ஓட்டின் உள்பக்கமும் நீலம்.
நீலத்தின்மேல் லேசாகப் பழுப்பு தடவி
பச்சை எடுத்திருக்கிறாள்,
மெஷின் இல்லாமல், சொட்டு எண்ணாமல்.

சேவல்தான் பிடி கொடுப்பதில்லை.
அவனுக்குள் நீலம் இருக்கிறதா என்பதை
அவன் மகள்கள்தான் சொல்ல வேண்டும்,
ஆறு மாதம் கழித்து.
அதுவரை விடிகாலை நாலு மணிக்கு
மூன்று தெருவுக்குத் தன் பெயரைச் சொல்கிறான்.
எந்தப் பெயர் என்பதுதான் விளங்கவில்லை.

தை மாதம் பதினோரு குஞ்சு.
பல்லாவரத்தில் தன் தார்ப்பாயில் ஒரு ஓரம் ஒதுக்கி
ஜீலானி பாய் ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார்.
'அமெரிக்கானான்னு போடு, நானூறு.
வெறும் கோழின்னா நாப்பது.'

கோழி என்று எழுதினேன்.
பெட்டியில் இடம் மிச்சமிருந்தது.
கீழே, பொடி எழுத்தில்:
ஷேடு சற்று மாறலாம்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு அம்மா குனிந்து
முழுக்கப் படித்தார்.
'மாறட்டுமே' என்றார்.
ரெண்டு எடுத்துக்கொண்டு
முப்பதுக்குப் பேரம் பேச ஆரம்பித்தார்.