பன்னிரண்டு அடி

தை மூன்று. வனத்து அந்தோணியார் திருநாள்.
களியக்காவிளையைத் தாண்டி ஓடைக்கரையில்
எங்கள் கோயில். ஓடைக்கு அந்தப்பக்கம் கேரளம்.
பீடத்தை முற்றத்தில் தூக்கி வைத்திருந்தார்கள்,
பன்றிக்குப் படியேற வராது என்பதால்.

லில்லிபுஷ்பத்தின் பன்றி, பின்னால் ஆறு குட்டி.
உபதேசியார் மகனிடம் ஹார்லிக்ஸ் பாட்டில்,
அதற்குள் வாலை மட்டும் அசைக்கும் ஒரு மீன்.
கிளிக்கூட்டைச் சேலைத்தலைப்பால்
மூடி நின்றாள் ஒருத்தி,
வனத்துறை ஆள் எவனாவது பார்த்துவிடுவான் என்று.
கிளியோ
சாமியார் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம்
ஆமென் போட்டது.

நெருப்பு, பனி, திமிங்கிலம்
எல்லாம் வரிசையாய் வருகிற செபத்தில்
ரப்பர் கிடையாது.
ஹிலாரியுஸ் சாமியார் அண்ணாந்து பார்த்து
அதையும் சேர்த்துக்கொண்டார்.
இலை உதிர்ந்துகொண்டிருந்தது
எருமை, பன்றி, பீடத்துணி மேல்.

நான் எந்தப் பிராணியும் கொண்டுபோகவில்லை.
சோதனைச்சாவடியில் மருந்தடிக்கிறவன்.
டியூட்டிக்கு நடுவில் ஓடிவந்தேன்,
முதுகில் கேனோடு.

ஓடைக்கு அந்தப்பக்கம் யேசய்யன்,
அவரோடு அம்மிணி என்ற எருமை.
அம்மைக் கழலை என்று
செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்பியது நான்தான்.
சீட்டில் காரணம் எழுதியதும் என் கைதான்.
வருஷா வருஷம் வருகிறவர்.
இந்த வருஷம் வேலிக்கல்லுக்கு அப்புறம்
தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சாமியார் ஓடைக்கரைக்கு வந்து
குரோட்டன்ஸ் கொத்தைச் செம்பில் முக்கி
வீசினார்.
பாதி வேலிக்கல்லில்,
பாதி காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொப்பியில்.
இரண்டாம் முறை ஓடையில்.
தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்:
“எலேய், ஒனக்க பம்பு எம்புட்டு தூரம் போவும்?”

பன்னிரண்டு அடி, சாமியாரே.

குழாயடியில் மூன்று தரம் கழுவினேன்.
வாசனை போகவில்லை.
செம்பை அப்படியே கேனில் கவிழ்த்தார்,
சிலுவை போட்டார், தள்ளி நின்றார்.
தினம் இருநூறு சக்கரத்துக்கு அடிக்கிற கை,
நடுங்கியது.

அம்மிணிக்கு வாசனை தெரிந்தது.
செவ்வாய்க்கிழமையும் தெரிந்திருக்கும்.
முகத்தைத் திருப்பி
எனக்குப் பின்புறத்தைக் காட்டினாள்.
“வாலில பட்டுது, மதி” என்றார் யேசய்யன்.

நான் சாவடிக்குத் திரும்பும்போது
பிராய்லர் லாரி ஒன்று காத்திருந்தது.
நாலாயிரம் கோழி, நாலாயிரம் சிவப்புக் கொண்டை,
ஒன்றுக்கும் பேர் கிடையாது.
கேனில் கொஞ்சம் மிச்சம் குலுங்கியது.

“சக்கரத்துக்கா? மேலயா?” என்றான் டிரைவர்,
எதையும் நினைக்காமல்.

சீட்டைக் காட்டு என்றேன்.